மூடி வைத்த லைன்

தேனலை இன்னிசைக் குழுவுக்கு இரண்டாவதாக ஒரு பேஸ் கிட்டார் வந்தது பிரகதீஸ்வரிக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஒன்பது வருடங்களாக அந்தக் குழுவில் பேஸ் வாசிப்பது அவள்தான். மற்ற நாட்களில் அன்னவாசலில் ஜெராக்ஸ் கடையில் நிற்பாள். முகூர்த்த நாள் வந்தால் கிட்டாரோடு வேனில் ஏறிவிடுவாள்.

"எதுக்குண்ணே ரெண்டு பேஸு?" என்று குழுவை நடத்தும் சிவசாமியிடம் கேட்டாள்.

"அரவிந்த்குமாரோட அப்பாவுக்கு மூணு மண்டபம் இருக்குத்தா. அவன் நம்மகூட நின்னா வருஷம் பூராம் ப்ரோக்ராம். நீ பாட்டுக்கு வாசி, அவன் சத்தம் வெளிய வராது."

சவுண்ட் பார்க்கும் மலையாண்டி, அவன் கிட்டாரிலிருந்து பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகும் லைனை மூடி வைத்து அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். அரவிந்த்குமார் வாசிப்பது அவன் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் மட்டும் வரும். அவனுக்குக் கேட்கும், கூட்டத்துக்குக் கேட்காது. கூட்டம் கேட்டதெல்லாம் டிரம்ஸுக்குப் பின்னால் நின்று இவள் வாசித்ததைத்தான்.

அவனோ சிவப்பு கிட்டாரும் கறுப்புக் கண்ணாடியுமாக மேடையின் முன்னால் நிற்பான். "நம்ம ஏரியாவுலயே ரெண்டு பேஸ் கிட்டார் உள்ள ஒரே குழு!" என்று சிவசாமி மைக்கில் முழங்குவார். கைதட்டல் எழும். அவனைச் சுற்றி செல்போன்கள் உயரும். பிரகதீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நிகழ்ச்சி முடிந்து அவன் பைக்கில் போனதும் வேனுக்குள் கூத்து ஆரம்பமாகும். வெற்றிலைச் சாறு தாடையில் வழிய, சிவசாமி ஒரு துடைப்பத்தைக் கிட்டாராகப் பிடித்து, கண்ணை மூடி, இடுப்பை ஆட்டிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். பிரகதீஸ்வரியும் சிரித்தாள். சில நாட்களில் அவள் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

விராலிமலையில் ஒரு வரவேற்பு. மத்தியானப் பந்தியில் அரவிந்த்குமார் வந்து அவளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். இடதுகை விரல்களில் பிளாஸ்திரி.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துல வாசிக்கிறோம். கீழ் சத்தம் ரெண்டும் சேந்து கொழகொழன்னு ஆயிருமில்ல? நீங்க கீழ புடிங்க. நான் மேல, பாடுறவங்க மூச்சு விடுற எடத்துல மட்டும் வாசிச்சுப் பாக்கவா?"

சாப்பிட்டு எழுந்ததும் மணமகன் அறைக்கு வெளியே இருவரும் மெதுவாக வாசித்துப் பார்த்தார்கள். அவள் கீழே ஒரே சுரத்தைப் பிடித்து நின்றாள். அவன் அதன்மேல் தயங்கித் தயங்கி நடந்தான். நன்றாக இருந்தது. ஒன்பது வருடங்களில் அந்தக் குழுவில் யாரும் அவளிடம் இசையைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. வேனில் தான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமயத்தில் காதணி விழா. காலை பதினோரு மணிக்கு மேடை ஏறுமுன் மலையாண்டியிடம் போனாள்.

"அண்ணே, இன்னைக்கி தம்பி லைனத் தொறந்து விடுங்க."

"சிவசாமி தொலைச்சிருவான்."

"ஒரே ஒரு பாட்டு. திட்டுனா நான் வாங்கிக்கிறேன்."

மூன்றாவது பாட்டில் திறந்தார். இரண்டு பேஸும் மண்டபத்தில் ஒலித்தன. அவளுடையது தரையில் உட்கார்ந்தது, அவனுடையது பாட்டின் இடைவெளிகளில் புகுந்து வந்தது. டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அரவிந்த்குமாருக்கு மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. எப்போதும் இப்படித்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தவன் அவன்.

பாட்டு முடிந்ததும் சிவசாமி கீபோர்டில் இருந்தபடியே மலையாண்டியைப் பார்த்துக் கத்தினார். "எவன்டா அவன் லைனத் தொறந்தது? மூணு மாசமா மூடித்தான கெடந்துச்சு!"

அவருடைய மைக் அணைக்கப்படவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தியில் யாரோ சிரித்தார்கள்.

அரவிந்த்குமார் கண்ணாடியைக் கழற்றினான். சிவசாமியைப் பார்க்கவில்லை, நேராக இவளிடம் வந்தான்.

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அன்னைக்கி எங்கூட வாசிச்சப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

சோற்றில் கிடந்த எதையோ பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். பிறகு கிட்டாரைக் கழற்றிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

சிவசாமி வாயைத் துண்டால் துடைத்துவிட்டு, "விடுத்தா, சனியன் போவுது. அடுத்த பாட்டு எடு" என்றார். அந்த வாயையும் துண்டில் ஒட்டிய சிவப்பையும் பார்த்தபோது, இதே வாயோடு சேர்ந்துதானே நாமும் சிரித்தோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. தன் கிட்டாரின் ஒயரைப் பிடுங்கினாள்.

"எங்க போற? பேஸ் இல்லாம எப்படி?"

அவள் வெளியே ஓடி வந்தபோது அவன் பைக் திருமயம் கோட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அதோடு அவள் தேனலைக்குப் போகவில்லை. அரவிந்த்குமாருக்குப் பலமுறை போன் செய்தாள், எடுக்கவில்லை. ஐந்தாவது வாரம் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் மறுபடி அடித்தாள். எடுத்தான்.

"சொல்லுங்க" என்றான். அக்கா என்று கூப்பிடவில்லை.

அவள் வேனில் சிரித்ததிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.