கேள்வி கேட்ட யானை

கல்யாண வீடுகளில் சமையல்காரர் பிச்சுமணிக்கு ஒரு வழக்கம் உண்டு. பாயசம் பரிமாறியானதும் தோளில் துண்டோடு பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, "எல்லாம் சரியா இருந்துதா?" என்று ஒவ்வோர் இலையாகக் கேட்பார். சமையல்காரனுக்கு அந்தப் பதில்தான் கூலி என்பது அவர் கட்சி.

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கொன்றை எடுத்து அவர் ஓட்டல் திறந்தபோது ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. பருப்பும் காயும் தேங்காயும் சேர்த்து அவர் வைக்கும் மொளகூட்டல் தினமும் பாதிப் பாத்திரம் அப்படியே மிஞ்சும். மனைவி கங்காதான் பொம்மை யோசனையைச் சொன்னாள். மோட்டார் வைத்த யானை ஒன்றும் செண்டை கொட்டும் கரடி ஒன்றும் வந்து இறங்கின. அவற்றை ஓட்டக் கலூரிலிருந்து சஜி வந்தான். யானை பேசினால் நன்றாக இருக்கும் என்று பிச்சுமணியின் குரலையே பதிந்து வைத்தான். யாராவது எதிரே வந்தால் யானை காதாட்டும், தும்பிக்கையைத் தூக்கும், "எல்லாரும் நன்னா சாப்டேளா?" என்று கேட்கும்.

அவ்வளவுதான், ஊர் திரண்டது. வைப்பினிலிருந்து படகு பிடித்துக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். யானை கேட்டதும் பிள்ளைகள் கூரை அதிரப் பதில் கத்துவார்கள். பின்னாலேயே பிச்சுமணி போய்க் கேட்டால், "ஆனை சூப்பர் சாமி" என்பார்கள். இலையில் மொளகூட்டல் ஆறிக் கிடக்கும். தன் கேள்வியையும் பிடுங்கிக்கொண்டு யானை நிற்பதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் ஒரு பொம்மையிடம் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எரிச்சல்தான் ஜெயித்தது.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு வைத்த கருவியை விஜயதசமி காலைவரை இயக்கக் கூடாது. மற்ற ஓட்டல்காரர்கள் கரண்டிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார்கள். பிச்சுமணியோ யானைக்குச் சந்தனத்தைக் கரைத்துக் காதிடுக்கு, தும்பிக்கை மடிப்பு, கண் என்று வழிய வழிய அப்பினார்.

"சாமி, இன்னைக்கு பொறந்தநாள் பார்ட்டி உண்டு. ஆனை ஓடலேன்னா பிள்ளைங்க கரயும்" என்றான் சஜி.

"பூஜைக்கு வெச்சாச்சு. ஒரு நாளாவது இலையைப் பாத்து சாப்பிடட்டும்."

பிள்ளைகள் அழுதார்கள். பெற்றோர் பாதி இலையில் எழுந்து போனார்கள். விஜயதசமியன்று பொத்தானை அழுத்தினால் யானை அசையவில்லை. சந்தனம் உள்ளே இறங்கி மோட்டாரைத் தின்றிருந்தது. வந்து பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். கரடி மட்டும் தனியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் வந்த வேகத்திலேயே கரைந்தது.

கடைசியில் ஓட்டலை மூடுவதென்று ஆனது. ஆலுவாவில் திருவிழா அலங்காரம் செய்யும் பாண்டியராஜன் பொம்மைகளோடு ஓட்டல் சாமான் எல்லாவற்றையும் விலைபேசிக்கொண்டு, புது மோட்டாரும் சுமை தூக்கும் தொழிலாளிகளுமாக வந்தார். அவர்களுக்கு மட்டும் பிச்சுமணி அளவாகச் சமைத்தார். கனத்த சாமான்களை முதலில் வண்டியில் ஏற்றிவிட்டு அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அதற்குள் சஜி புது மோட்டாரை மாட்டிப் பொத்தானை அழுத்தினான்.

"எல்லாரும் நன்னா சாப்டேளா?" என்றது யானை.

ஒருவரும் தலை நிமிரவில்லை. எல்லார் கையும் இலையிலேயே இருந்தது. பிச்சுமணி கேட்கப் பயந்து, துண்டைத் திருகிக்கொண்டு நின்றார். ஓரத்தில் இருந்தவர் விரலை நக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சாமி, மொளகூட்டல் கொறச்சுகூடி உண்டோ?"

இன்னும் கொஞ்சம் எடுத்துவரப் பிச்சுமணி சமையற்கட்டுக்கு ஓடினார். பாத்திரத்தில் விட்ட கரண்டி அடியில் உரசியது. ஓட்டல் திறந்த நாளிலிருந்து அது காலியானது அன்றுதான். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கங்கா, பருப்பு போடு, அடுப்பைப் பத்த வை!" என்று கத்தினார்.

கங்கா வாசல் பக்கம் பார்த்தாள். அடுப்பு வண்டியில் இருந்தது.