களித் துடுப்பு

நாகவல்லி ஒருநாளும் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. ஆவடி பட்டாள ஆஸ்பத்திரியில் போர்வை துவைத்துப் பிழிகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு? ஆனாலும் யுத்தம் நடந்த அந்த வருஷம் அவள் வலது முழங்கையில் வந்த வலிக்கு டாக்டர் துரை சொன்ன பெயர் 'டென்னிஸ் முழங்கை'. ஆடினவன் எவனோ, வலி மட்டும் இவளுக்கு.

ஒரு மாதம் பிழியாமல் துணி மடிக்கலாம், அதற்குள் கை தேறாவிட்டால் வேலை கிடையாது என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். மசாஜ் நர்ஸ் ஞானகுமாரி தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நீவிவிட்டாள். முன்கையை மேசைமேல் வைத்து, ஒரு கல்லைப் பிடித்து, மணிக்கட்டை மெள்ள மெள்ள இறக்கும் பயிற்சியும் உண்டு. நாகவல்லி ஒரு வேளைகூட விடவில்லை. இருபத்தாறாம் நாள் தண்ணீர்த் தம்ளரைத் தூக்கினாள். உயிர் போய் வந்தது. அலுத்துப்போய் அழுதுவிட்டாள்.

"வீட்ல இந்தக் கைக்கு வேலை குடுக்கிறியா?" என்றாள் ஞானகுமாரி.

"இல்லம்மா. சும்மாத்தான் வச்சினுகீறேன்."

"அப்ப சமையல் யாரு?"

"நான்தான். ரெண்டு வேளையும் கேவுரு களி கிண்டுவேன். அதெல்லாம் ஒரு வேலையாம்மா?"

ஞானகுமாரி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு மேஸ்திரியிடம் மன்றாடி இன்னும் மூன்று வாரம் வாங்கி வந்தாள். "இனி துடுப்பைத் தொட்டே, உன் கைக்கு நான் பொறுப்பில்லை."

அன்று சாயங்காலம் புருஷன் லோகநாதன் வந்தபோது உலை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஆவலையா?"

"துடுப்பைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க நர்சம்மா. தொட்டா வேலை பூடும்."

முறைத்துவிட்டு வெளியே போனான். பசி தாங்காமல் திரும்பி வந்தான். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை, சுவரில் சாய்ந்தே இருந்தாள். கடைசியில் மாவைக் கொட்டித் துடுப்பை அவனே பிடித்தான். பத்துச் சுற்று சுற்றுவதற்குள் கையை உதறினான்.

"இன்னாமே இது, இம்மாங் கனமா கீது?"

பதினாறு வருஷமாக அதே கனம்தான்.

"கட்டி தட்டப்போவுது, கிண்டு," என்றாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது.