அப்பாவைப் பற்றி இரண்டு நிமிடம்

மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு லிஃப்ட் மெக்கானிக் இறந்தார். நுரையீரல் நோயில் எட்டு மாதம் படுத்திருந்தவர். பதினோரு மணிக்கு, கூடத்தில் கிடத்தியிருந்த உடலின் போர்வையை அவர் மனைவி சுருக்கமில்லாமல் நீவிக்கொண்டிருந்தபோது, மகளுக்கு ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி தரும் மாஸ்டர் மலர்வளையத்தோடு வந்தார்.

ஒப்புக்கு நாலு வார்த்தை சொன்னார். அத்தோடு போயிருக்கலாம். சனிக்கிழமைத் தேர்வை மகள் விட்டுவிடக் கூடாது, மதிப்பெண் இல்லாமல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இடம் தராது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பேச்சுத் தேர்வைப் பத்திக் கவலையே இல்லக்கா. அவ மனப்பாடம் பண்ணின பதில்ல ஒரு வரிகூட மாத்த வேண்டாம்.”

“எந்தப் பதில்?”

மாஸ்டர் விளக்கினார். பிடித்த மனிதர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒப்பிப்பதற்கென்று அவரிடம் அச்சிட்ட தாள் ஒன்று உண்டு. நாற்பத்து மூன்று மாணவர்களுக்கும் அதே தாள்தான். சிறு வயதிலேயே என் அப்பா இறந்துபோனார் என்று அது தொடங்கும். கேட்கிறவர் மனம் இளகுமாம்.

மனைவியின் கை போர்வையிலேயே நின்றுவிட்டது. இரண்டு மாதமாக மாலைதோறும் மகள் அந்தப் பதிலை அப்பாவின் கட்டிலருகே நின்றுதான் ஒப்பித்தாள். லிஃப்ட் கதவு மூடும் நேரத்தைச் சோதிக்கும் ஸ்டாப்வாட்சை மார்பின்மேல் வைத்துக்கொண்டு அவர் நேரம் பார்த்தார். சரியாக இரண்டு நிமிடத்தில் முடித்தால் கட்டைவிரலை உயர்த்துவார். என்னதான் சொல்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். உங்களைப் பற்றித்தான் என்றாள் மகள். அன்றிலிருந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மூச்சு வாங்க வாங்க அதையே சொன்னார்: “எம் பொண்ணு என்னைப் பத்தி ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசுறா, தெரியுமா?”

அவள் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதேன்னுதான்ம்மா...”

மாஸ்டர் குறுக்கிட்டார். “எல்லாருக்கும் பொதுவா எழுதினதுக்கா. உங்க வீட்டை வச்சு எழுதல.”

“உங்க அப்பா இருக்காரா?”

“இருக்காரு. எழுபத்தஞ்சாச்சு.”

“இன்னிக்குச் சாயங்காலம் அவரு முன்னாடி நின்னு அதைப் படிங்க. அவருக்குப் புரியணும், தமிழ்லயே படிங்க.”

குரலை அவள் உயர்த்தவில்லை. மாஸ்டர் வளையத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வெளியேறினார்.

நான்கு மணிக்கு உடலை எடுத்தார்கள்.

மறுநாள் மாலை, தேர்வே வேண்டாம் என்று மகள் அழுதாள். தாய் ஒப்பவில்லை. முடிவானது இதுதான்: மகள் சனிக்கிழமை தேர்வெழுதுவாள், பயிற்சி நிலையத்துக்கு இனிப் போக மாட்டாள், அந்தத் தாளிலிருந்து ஒரு வாக்கியமும் சொல்ல மாட்டாள். கட்டிலருகே பழைய இடத்திலேயே அவளை நிற்கச் சொல்லி, தாய் ஸ்டாப்வாட்சை எடுத்து அழுத்தினாள். மகள் அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் புதிதாக ஏதோ தொடங்கினாள். தாய்க்கும் ஒரு சொல்கூட விளங்கவில்லை. நாற்பதாவது வினாடியில் மகளின் பேச்சு நின்றது.

தாய் கடிகாரத்தை நிறுத்தவில்லை.