அரையடிச் சுவர்

யுத்த காலத்தில் தானியக் கணக்கெடுக்க வந்த ஆபீசருக்கு நல்ல பசி. பாவாயி வீட்டில் தானியம் கொட்டிவைத்த மண் குதிர் ஒன்றை அளந்து முடித்தால், ஊர் மணியகாரன் சரவணமுத்து வீட்டில் கோழிக்குழம்பு காத்திருந்தது.

சரவணமுத்து பாவாயியின் கொழுந்தன். அண்ணன் செத்த மூன்றாம் மாதமே, "நிலத்தை எங்கிட்ட உட்டுருங்க நங்கை" என்று அண்ணியிடம் கேட்டவன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். குதிர் நிறைய நாலு மூட்டைக் கம்பு இருந்தது. அடியில் கிடந்தது விதைக்கு. மழை விழுந்ததும் அதை விதைத்துவிட்டால் எவன் தயவும் வேண்டாம் என்றிருந்தாள்.

"நான் ஒண்ணும் ஒளிக்கலைங்க" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

"எங்கப்பன் குதிருக்குள்ளே இல்லைன்னானாம்" என்று ஆபீசர் சிரித்தார்.

சரவணமுத்து டேப்பைக் குதிருக்கு வெளியே வைத்துப் பிடித்தான். குறுக்கே மூன்றடி, உயரம் ஐந்தடி. குறுக்களவில் பாதியை அதனாலேயே பெருக்கி, அதை மூன்றே சொச்சத்தாலும் உயரத்தாலும் பெருக்கினார் ஆபீசர்.

"முப்பத்தஞ்சு கன அடி. பத்து மூட்டை. ஆறு உனக்கு, நாலு சர்க்காருக்கு."

"சுவரு அரையடிங்க சாமி. உள்ளே ரெண்டடிதான். அள்ளி வள்ளத்துல அளந்து பாருங்க."

"அப்படியா, மணியகாரரே?"

எலிக்குப் பயந்து சரவணமுத்துவின் தகப்பன் கட்டிய சுவர் அது. அதற்கு மண் மிதித்ததே இவன்தான். "எல்லா ஊட்லயும் இருக்கற மாதிரிதானுங்க" என்றான். பொய்யே சொல்லாமல் குடி கெடுக்கிறவனுக்கு நரகத்தில் தனி இடம் இருக்க வேண்டும்.

ஆபீசர் சாப்பிடப் போனார். ஆட்கள் அள்ளினார்கள். நாலாவது மூட்டை நிறையும்போது முறம் குதிரின் அடிமண்ணைச் சுரண்டியது. விதைக் கம்பும் வண்டியேறிவிட்டது. பாவாயி வயிற்றில் அடித்துக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்கு ஓடினாள்.

அங்கே அதே தகப்பன் கட்டிய இன்னொரு குதிர். சரவணமுத்து அதன் வாய்க்குள் குச்சியைக் குறுக்கே வைத்து, "சுவரு அரையடிங்க. அதைத் தள்ளித்தானுங்க கணக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆபீசர் ஏப்பம் விட்டபடி ரெண்டடி என்று எழுதினார்.

"எங்கூட்டுதும் அதே குதிருதானுங்க" என்றாள் பாவாயி. "இப்பக் காலிங்க. விதைகூட இல்லைங்க."

"காலியா? கணக்குப்படி ஆறு மூட்டை மிச்சம் இருக்கணுமே. எங்கே கடத்தினே?"

"அந்த ஆறும் மண்ணுங்க சாமி. வெறும் சுவருங்க."

சரவணமுத்து அவள் பக்கம் திரும்பவில்லை. ஆபீசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தான்.

"நங்கைக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் ராசிபுரத்துப் பக்கம் இருக்கானுங்க" என்றான் மெதுவாக. "போன வாரங்கூட வண்டி கட்டிட்டு வந்தான்."

ஆபீசர் பென்சிலை மறுபடி எடுத்தார். "பேர் என்ன?"

"ராசுங்க."