கூடுதலாக எட்டுக் குழிகள்

ஆர்லன் டிவெய்ட்டுக்கு அந்த வசந்தகாலம் முழுக்க ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அமெரிக்காவின் வடகோடி நகரான டுலூத்தில் பனி கரைந்து முடிந்த மறுநாளே பின்பக்கத்துப் புல்லில் முளைக்குச்சிகளை அடித்து ஆரஞ்சு நிறக் கயிறு கட்டினார். அடுத்த நாள் அவற்றைப் பிடுங்கி இரண்டடி தள்ளி அடித்தார். அதற்கும் அடுத்த நாள் மழையில் நனைந்துகொண்டே மறுபடி அளந்தார்.

சமையலறைக் கதவுக்கு வெளியே இருந்த படிகள் உளுத்துப்போய்விட்டன. அவற்றை எடுத்துவிட்டு, கதவு மட்டத்துக்கே ஒரு பெரிய டெக் போடுவதென்று அவரும் மனைவி லோர்னாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினாறுக்கு இருபதடி மரத்தளம், மூன்று பக்கமும் ஏரிக்காற்று வரும்படி திறப்பு, கோடையில் மகள்கள் மூவரும் குடும்பத்தோடு வந்தால் எல்லாரும் ஒன்றாக உட்காரும்படி. அதற்கென்று பதினெட்டாயிரம் டாலர் சேர்த்திருந்தார்கள்.

போன நவம்பரில் மருத்துவர் லோர்னாவுக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று சொன்னார். வலது கை மட்டும் லேசாக நடுங்கியது. மகள்களைத் தவிர யாரிடமும் அவள் சொல்லவில்லை. தேவாலயத்தில் காபிக் கோப்பையை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

மே மாதத்தில் ஒரு காலை, ஆர்லன் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டிருந்ததை லோர்னா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். டெக்கின் ஓரத்திலிருந்து கார் நிற்கும் இடம்வரை நீளமாக ஒரு பட்டை போயிருந்தது.

“இது என்ன, வால் மாதிரி?”

“சும்மா ஒரு சரிவு. புல்வெட்டுற மெஷினைத் தள்ளிட்டு வரலாம்ல.”

“முப்பத்தோரு வருஷத்துல அந்த மெஷின் சமையக்கட்டுக்கு வந்ததே இல்லையே, ஆர்லன்.”

அவள் ரப்பரை எடுத்து அந்தப் பட்டையை அழித்தாள். மறுநாள் காலை அது மறுபடி தாளில் இருந்தது. மறுபடி அழித்தாள். ஒரு வாரம் இப்படியே போனது. தாள் அந்த இடத்தில் கிழிந்தேவிட்டது.

தச்சு வேலைக்கு கிரெட்சன் என்ற பெண்ணைப் பேசியிருந்தார்கள். அவள் மதிப்பீடு மின்னஞ்சலில் வந்தது. டெக்குக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு. முப்பதடிச் சரிவுக்கும் கைப்பிடிக்கும் தனியாக ஏழாயிரத்து நானூறு. ஆர்லன் அதைப் படித்துவிட்டு எழுந்து கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

“டெக்கைச் சின்னதாக்கிடலாம்,” என்றார். “பன்னெண்டுக்குப் பன்னெண்டு போதும்.”

“ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்குப் பதினஞ்சு பேர் வருவாங்க. கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிப்பாங்களா?”

“அப்ப படகை வித்துடறேன்.”

“படகை வித்தா கோடை முழுக்க வீட்டுலயே இருப்ப. என் மேல அவ்வளவு கோவமா உனக்கு?”

அவர் சிரிக்கவில்லை. வெளியே போய் முளைக்குச்சிகளை மறுபடி நகர்த்தத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை கிரெட்சன் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், இடுப்பில் அளவுநாடா, காதோரம் பென்சில். கயிறு கட்டிய இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சமையலறை மேசையில் கிழிந்த தாளைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் ரெண்டு டெக் கேக்கறீங்க. எனக்கு ஒண்ணுதான் கட்டத் தெரியும்,” என்றாள். “இந்தச் சரிவு யாருக்கு?”

ஆர்லன் ஜன்னலைப் பார்த்தார்.

“எனக்கு,” என்றாள் லோர்னா. “பார்க்கின்சன். இப்போதைக்கு கைதான் நடுங்குது. இவரு அதுக்குள்ள என்னை சக்கர நாற்காலில உக்கார வெச்சுத் தள்ளிட்டுத் திரியறாரு.”

வெளியாள் ஒருத்தியிடம் அவள் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது, கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை என்று. ஆர்லன் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார். லோர்னா அவர் பின்னாலேயே உளுத்த படிகளில் இறங்கிப் போனாள்.

“அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ, டாக்டருக்கே தெரியல. நீ தேதி குறிச்சுட்டியா?”

“குறிக்கல.”

“பின்ன ஏன் இந்த அவசரம்? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? புல்வெட்டுற மெஷினாம்.”

அவர் ஒரு முளைக்குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். ரயில் ஓட்டிய காலத்திலிருந்தே அதிகம் பேசாத மனிதர்.

“இங்க மண்ணு அஞ்சடி ஆழம் உறைஞ்சிடும், லோர்னா. நவம்பர்ல உனக்கு நடக்க முடியலைன்னா மே வரைக்கும் சரிவோட தூணுக்கு எவனாலயும் குழி தோண்ட முடியாது. அந்த ஆறு மாசம் உன்னை எப்படி வெளிய கொண்டுவருவேன்? என் முதுகு இருக்கற லட்சணத்துக்குத் தூக்கவும் முடியாது. எந்நேரமும் அதான் மண்டைக்குள்ள ஓடுது. உக்காந்தா இன்னும் வேகமா ஓடுது.”

லோர்னாவுக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவர் பென்சிலும் அளவுநாடாவுமாக அலைந்த அத்தனை நாளும் எதை அளந்துகொண்டிருந்தார் என்று இப்போது புரிந்தது. அவர் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டாள்.

கிரெட்சன் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“தோண்டறதுக்குத்தான் கோடை வேணும்,” என்றாள். “மரவேலைய ஜனவரியிலகூடச் செய்வேன், கை விறைக்கும், அவ்வளவுதான். குழி தோண்டற மெஷின் எப்படியும் வருது. சரிவுக்கு வேண்டிய எட்டுக் குழியையும் இப்பவே தோண்டி கான்கிரீட் ஊத்திடறேன். ஆயிரத்து இருநூறு ஆகும். சரிவு வந்து சேர்ற பக்கத்துக் கைப்பிடிய ஸ்க்ரூ போட்டு நிறுத்தறேன், கழட்டிக்கலாம். என்னைக்கு வேணுமோ அன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க, ஒரே வாரத்துல சரிவு ரெடி.”

ஆர்லன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். பதினேழாயிரத்து எழுநூறு. டெக்கை ஓர் அடிகூடக் குறைக்க வேண்டாம்.

“எப்பன்னு நான் சொல்லுவேன்,” என்றாள் லோர்னா. “நீ கேக்கக் கூடாது.”

“கேக்கல.”

“பார்வையாலயும் கேக்கக் கூடாது.”

“அது கொஞ்சம் கஷ்டம்,” என்றார் ஆர்லன்.

ஜூன் முதல் வாரத்தில் அனுமதிச் சீட்டு வந்தது. நகராட்சி ஆள் குழிகளுக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஜூலை இரண்டாம் தேதி கிரெட்சன் கடைசிப் பலகையை முடுக்கிவிட்டு, சாமான்களை வண்டியில் ஏற்றினாள்.

நாலாம் தேதி எல்லாரும் வந்தார்கள். டெக்கில் பதினைந்து பேரும் தாராளமாக உட்கார்ந்தார்கள். கீழே புல்லில் இரண்டு வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருந்த எட்டுக் கான்கிரீட் கட்டைகளில் பேரக்குழந்தைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள். வேலியோரம் வந்த அடுத்த வீட்டுக்காரி டாட் அவற்றை உற்றுப் பார்த்தாள்.

“இதெல்லாம் என்ன, வேலை பாதில நிக்குதா?”

ஆர்லன் டெக் ஓரத்து அடுப்பில் சாஸேஜைத் திருப்புவதை நிறுத்தினார்.

“எனக்கு ஒரு சரிவு வேண்டியிருக்கும், டாட்,” என்றாள் லோர்னா. “இப்ப இல்ல. பார்க்கின்சன் வந்திருக்கு. உள்ள வா, உருளைக்கிழங்கு சாலட் தீர்ந்துடப் போகுது.”

டாட் வந்தாள். எதுவும் கேட்காமல் லோர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டாள், லோர்னா நடுங்கும் கையாலேயே பரிமாறினாள்.

ஆர்லன் சாஸேஜை இறக்கிவிட்டு ஒரு பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார். இன்னொன்றை அழுத்தினார். லோர்னா காலால் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தார். பத்து நிமிடம் இருந்தார். பிறகு ஸ்க்ரூ எதுவும் தளர்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.