சின்ன ஜெட்டின் ஓட்டை

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பழைய மோட்டார் சைக்கிளை யார் ஓட வைக்கிறாரோ அவருக்கே வண்டி என்று மாமனார் சொல்லிவிட்டார். பெரிய மாப்பிள்ளைக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. சின்ன மாப்பிள்ளை ஃபிட்டர். இதையும் ஒரு போட்டி என்கிறார்களே என்று ஃபிட்டருக்குச் சிரிப்பு வந்தது.

முதல் வாய்ப்பு பெரியவருக்கு. ஒரு வாரம் முழுக்கப் பாலிஷ் போட்டார். டேங்க், சைலன்சர், கார்புரேட்டரின் வெளிப்பக்கம் வரை முகம் பார்க்கிற மாதிரி மினுக்கிவிட்டார். காலையில் உதைத்தார். வண்டி இரண்டு தடவை இருமி, கரும்புகையைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“என்ன சகலை, மேக்கப் போட்டா எழுந்து ஓடிடுமா?”

“பளபளன்னு இருந்தா வண்டிக்கே ஒரு தெம்பு வரும்னு நெனச்சேன்” என்று அசடு வழிந்தார் பெரியவர்.

இந்த ஆள் பெண் எடுத்த வீட்டிலா நாமும் போய் எடுத்தோம் என்று ஃபிட்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஷெட் வாசலில் சாக்கை விரித்துக் கார்புரேட்டரைப் பிரித்தான். மிதவை, ஊசி, பெரிய ஜெட், சின்ன ஜெட் என்று ஒவ்வொன்றாகப் பெட்ரோல் கிண்ணத்தில் போட்டான். ஸ்பார்க் பிளக் கரியேறிக் கிடந்தது. அப்படியென்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சின்ன ஜெட்டை எடுத்து ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். விரல் நுனியில் அடங்குகிற பித்தளைத் துண்டு. நடுவே பெட்ரோல் போக முடி நுழைகிற அளவு ஓட்டை. அது வட்டமாக இல்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு முட்டை மாதிரி இருந்தது.

“எவனோ எதையோ உள்ள விட்டுக் குடைஞ்சிருக்கான்! ஜெட்டை ஊதத்தான் செய்யணும், இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இத நோண்டின மடையன் கையில ஸ்பேனர் குடுத்ததே தப்பு. அவனுக்கு வெளக்குமாறுதான் லாயக்கு.”

“நான் உள்ள தொடவே இல்ல சகலை. தொடைச்சதோட சரி.”

“தொடைச்ச கை சும்மா இருந்திருக்குமா?”

மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். “அவரு தொடல மாப்பிள்ளை.”

“அப்ப வேற எந்தக் கூமுட்டை?”

“உங்க கல்யாணம் முடிஞ்ச மாசம் வண்டி நின்னுபோச்சு. என் பொண்ணோட தையல் ஊசிய வாங்கி நீங்கதான் குடைஞ்சீங்க. அன்னிக்கு ஓடுச்சு. அப்புறம் ஒரே புகை. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு வண்டிய ஷெட்டுல தள்ளிட்டேன்.”

“அந்த ஊசியும் திரும்பி வரல” என்றாள் ஃபிட்டரின் மனைவி, உள்ளேயிருந்து.

பெரியவர் பாலிஷ் துணியை உதறுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்பது தோளில் தெரிந்தது.

ஃபிட்டர் பழைய ஒயர் ஒன்றைச் சீவி, ஒற்றைச் செம்பு இழையை உருவினான். ஓட்டையை அடைத்துச் சிறிதாக்க அதை ஜெட்டுக்குள் தொங்கவிட்டு, நழுவாதபடி இரு முனையையும் மடக்கினான். எல்லாவற்றையும் பூட்டி, பிளக்கைத் துடைத்து மாட்டி உதைத்தான். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. புகை இல்லை. மணி பதினொன்றரை.

“உங்களுக்குத்தான்” என்று மாமனார் சாவியை நீட்டினார்.

ஃபிட்டர் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டானே தவிர, நீட்டவில்லை.

“சகலைகிட்டயே குடுங்க. தொடைக்கிறதத் தவிர அந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. வண்டி பொழச்சுக்கும்.”