செருப்பின் அளவு

லியெம் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, குட்டைப் பிடி போட்ட மண்வெட்டியால் சுரங்கத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து உட்கார இடமில்லை. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் செம்மண் ஈரமாக மின்னியது. மழைக்காலத்தில் இந்த மண் சொன்னபடி கேட்கும். கோடையில் இதே மண் மண்வெட்டியின் வாயை மடக்கிவிடும். செதுக்கிய மண்ணை அவன் முழங்காலால் பின்னுக்குத் தள்ள, உதவியாள் சாங் அதைக் கூடையில் வாரிப்போட்டுக் கயிற்றை ஆட்டுவான். மேலே நிற்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள்.

போர்க்காலத்தில் ஒளிந்திருந்து சண்டை போட இதைத் தோண்டியவர்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றவர்கள். இப்போது நினைவிடம் என்று பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மாட்டுக்கறி தின்கிறவர்கள். ஆகவே இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் அகலமாக்கி, கூரையை ஒரு சாண் உயர்த்தி, சிமெண்டில் செம்மண்ணைக் கலந்து பூச வேண்டும். பூசியபின் பார்த்தால் பழைய மண்சுவர் மாதிரியே இருக்கும். உள்ளே டேப் விரிக்க வழியில்லை. லியெமின் கைதான் டேப். எதன்மேலும் கை தானாக விரிந்து அளந்துவிடும். வீட்டில் மீனைக்கூட அளந்துதான் சட்டியில் போடுகிறான் என்று அவன் மனைவி கேலி செய்வாள்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் வெட்டுங்க. நேத்து ஒரு ஜெர்மன்காரன் வந்தானே, அவன் மாட்டிக்கிட்டா நாமதான் இழுக்கணும்" என்றான் சாங்.

"எதுக்கு இழுக்கறது? ரெண்டு நாளு வெறும் கிழங்கா குடு. தானா நழுவி வந்துருவான்."

மதியம் சுரங்கத்தின் வாயில் லுவா காத்திருப்பாள். அவளுடைய கிழங்குத் தோட்டம் நினைவிடத்தின் வேலியை ஒட்டி இருந்தது. அவித்த மரவள்ளியையும் இடித்த வேர்க்கடலை உப்பையும் வாழையிலையில் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்துவிட்டு, அவர்கள் தின்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் தாக், வடக்கிலிருந்து வந்த இரண்டு போராளிகளோடு சுரங்கத்தின் இந்தக் கிளைக்குள் இருந்தபோதுதான் குண்டு விழுந்து இரண்டு முனையும் அடைபட்டது. மூன்று பேரில் ஒருவரும் கிடைக்கவில்லை. அதெல்லாம் லியெம் இந்த ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு. அவன் தெற்கே ஆற்றுப் பக்கத்திலிருந்து, போர் முடிந்து பத்து வருஷத்துக்குப் பிறகு பிழைக்க வந்தவன்.

"எதாவது கிடைச்சா முதல்ல எங்கிட்ட சொல்லணும், தம்பி. ஆபீசுக்கெல்லாம் அப்புறம்" என்பாள் லுவா. "டயர் செருப்புதான் போட்டிருந்தாரு. எடது கால்ல பின்பட்டை அறுந்துபோச்சு. நான்தான் டெலிபோன் கம்பிய வச்சுக் கட்டிவிட்டேன். நீலக் கம்பி. மண்ணு எத வேணாலும் தின்னும், அந்தக் கம்பிய தின்னாது."

"சொல்லாம இருப்பேனாக்கா? மொதல் ஆளா உங்க வாசல்லதான் வந்து நிப்பேன்" என்று வாய் நிறையக் கிழங்கோடு வாக்குக் கொடுத்திருந்தான் லியெம்.

அடுத்த வாரம் மண்வெட்டியின் சத்தம் மாறியது. நடுவில் இருந்த வளைவில் சுவர் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. லியெம் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினான். முதலில் ஒரு காலெலும்பு தெரிந்தது, காய்ந்த மூங்கில் நிறத்தில். அதற்குக் கீழே கறுப்பாக ஒரு செருப்பின் அடிப்பாகம். டயரின் கோடுகள் அழியாமல் இருந்தன. பட்டைகள் இருந்த பக்கம் மண்ணுக்குள் கவிழ்ந்திருந்தது. அவன் கை தானாக விரிந்தது. ஒரு சாண், அதற்கு மேல் இரண்டு விரற்கடை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

சாங் தவழ்ந்து வந்து எட்டிப்பார்த்தான். வேலை தொடங்கிய அன்று கீழே இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஊதுவத்தி கொளுத்தியது அவன்தான். இப்போது இரண்டு கையையும் கூப்பிக்கொண்டான்.

"புரட்டிப் பாருங்கண்ணே. நீலக் கம்பி இருக்கான்னு மட்டும் பாருங்க."

"இரு. மொதல்ல தொவான் அண்ணன்கிட்ட சொல்லிருவோம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் லியெமுக்குத் தான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் கால்கள் லுவாவின் தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

தொவான்தான் அந்த நினைவிடத்தின் மேலாளர். மழை தூறிக்கொண்டிருந்ததால் குடையோடு சுரங்க வாயில் வரை வந்தார்; உள்ளே இறங்கவில்லை.

"எலும்புன்னு யார் சொன்னா? மரத்து வேரா இருக்கும்."

"வேரு செருப்புப் போடாதுங்களே" என்றான் சாங்.

தொவான் அவனைப் பார்க்கவே இல்லை. லியெமைத் தனியாக ரப்பர் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். மோசமான மனுஷர் அல்ல. அவருடைய சித்தப்பாவின் பெயரும் தியாகிகள் கல்லறையில் வெறும் கல்லாகத்தான் நின்றது; கீழே உடல் இல்லை.

"இங்க பாரு லியெம். நான் மேல சொன்னேன்னா ராணுவத்துலேருந்து ஆளு வருவாங்க, சுத்திக் கயிறு கட்டுவாங்க. மழை முடியற வரைக்கும் ஒருத்தன் உள்ள போக முடியாது. தியாகிகள் தினத்தன்னிக்கு இந்தக் கிளைக்குத் திறப்பு விழா. மாகாணத்துலேருந்து எல்லாரும் வர்றாங்க, அழைப்பு போயாச்சு. இத்தன வருஷம் காத்திருந்த மனுஷன் ஒரு மழைக்காலம் காக்க மாட்டாரா? சீசன் முடியட்டும், நானே எழுதிப் போடறேன். சுவர ஒடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

போகத் திரும்பிய தொவான் நின்றார்.

"ஆமா, உன் பொண்ணு மாய் சட்டை அளவு குடுத்துட்டாளா? திறப்பு விழா அன்னிக்கே அவ வேலைல நிக்கணும்."

அவ்வளவுதான் கேட்டார். அது போதுமாக இருந்தது. மாய் தையல் ஆலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து, ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள். படுத்தால் இருமல் பிய்த்துவிடும். இங்கே வழிகாட்டி வேலை என்றால் மரநிழல், நல்ல காற்று, மாதச் சம்பளம். இந்த ஊரில் வெளியூர்க்காரன் பெண்ணுக்கு இப்படி ஒரு வேலை வாசல் தேடி இரண்டாம் தடவை வராது.

லியெம் மறுபடி உள்ளே இறங்கினான். பொந்துக்குள் மண்ணைத் தள்ளி அமுக்கினான்.

"புரட்டிக்கூடப் பாக்க மாட்டீங்களாண்ணே?"

"பாத்தா தெரிஞ்சிரும்டா."

சாங் கூடையைக் கவிழ்த்து வைத்தான். "நான் ஊருக்குப் போறேன். வெளிய சொல்ல மாட்டேன், எனக்கும் வயிறு இருக்கு. ஆனா அது மேல சிமெண்ட் பூச எனக்குக் கை வராது. அக்காவுக்கு உங்க வாயாலதான் தெரியணும்." தவழ்ந்து வெளியே போய்விட்டான்.

அந்த இடத்தை லியெம் தனியாகத்தான் பூசினான். ஊதுவத்தி கொளுத்தலாம் என்று நினைத்தான். கொளுத்தி என்ன சொல்வது என்று தெரியவில்லை. மூன்று பேரில் யாராகவும் இருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வடக்கத்திக்காரனாக இருந்தால் லுவாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் இப்படி ஏதாவது ஒரு கணக்கு இருக்கத்தான் செய்யும். மற்ற இடத்தைவிட அந்த இடத்தில்தான் சிமெண்டை அதிகம் தேய்த்து மழுக்கினான். மறுநாளிலிருந்து மதியக் கிழங்கு வந்தபோதெல்லாம் வயிறு சரியில்லை என்றான்.

திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு தாக்கின் நினைவு நாள் வந்தது. அடைபட்டபின் உள்ளே எத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்று தெரியாததால், அவர் வீட்டைவிட்டுப் போன நாளைத்தான் லுவா நினைவு நாளாக வைத்திருந்தாள். லியெமைக் குடும்பத்தோடு கூப்பிட்டாள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனான். ஒரு பொட்டலம் ஊதுவத்தி வாங்கிக்கொண்டான். படத்தின் முன்னால் முட்டை போட்ட பன்றிக்கறிக் குழம்பு, பாகற்காய் சூப், ஒரு கிண்ணம் சோறு, அதைச் சாப்பிட ஒரு ஜோடி குச்சி. படத்தில் இருந்தவனுக்குச் சிரிப்பை அடக்குகிற முகம். லியெம் வத்தியைக் கொளுத்தினான். செருகும்போது சாம்பல் சோற்றுக் கிண்ணத்தில் விழுந்தது.

"பாத்தியா, உன்னக் கண்டதும் படையல வாங்கிக்கிட்டாரு" என்று சந்தோஷப்பட்டாள் லுவா. அவனைப் பாயில் பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்காரவைத்து, கறியில் நல்ல துண்டாகப் பார்த்து முதலில் அவன் கிண்ணத்தில் வைத்தாள். "நீ சாப்பிடு மொதல்ல. பொழுதெல்லாம் அவரு பக்கத்துல படுத்து வேல செஞ்ச ஆளு நீ. இந்த ஊர்ல யாரு அவருக்கு இவ்வளவு கிட்ட போனது?"

லியெமின் காது மடல் சுட்டது. துண்டை வாயின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வெட்கத்தை அவன் பட்டதில்லை. திருடி மாட்டிக்கொண்டவனுக்குக்கூட நாலு அடி வாங்கி முடிந்துபோகும். இங்கே கறித்துண்டு விழுந்துகொண்டே இருந்தது.

"அக்கா..." என்றான்.

"சொல்லு தம்பி."

அப்போது மாய் உள்ளே வந்தாள். வழிகாட்டிகளுக்கு அன்றுதான் கொடுத்த, அந்தக் காலப் போராளிகள் மாதிரியான உடுப்பைப் போட்டுக் காட்ட வந்திருந்தாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் கட்டம் போட்ட துண்டு. லுவா எழுந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடியம்மா! அந்தக் காலத்துல நான் அச்சு அசல் இப்படித்தான் இருந்தேன். துண்ட இப்படிக் கட்டக்கூடாது, இங்க வா." முடிச்சை அவிழ்த்து அவளே கட்டிவிட்டாள். மாய் இருமவில்லை. ஆலையை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

"என்னமோ சொல்ல வந்தியே தம்பி?"

"குழம்பு நல்லாருக்குக்கா" என்றான் லியெம்.

திறப்பு விழா நாளன்று மழை விட்டிருந்தது. மலர்வளையம் வைத்தார்கள், மௌனமாக நின்றார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஒருவர் மண்ணுக்குள் உறங்கும் மாவீரர்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். முன்வரிசையில் லுவா துவைத்து மடித்த சட்டையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். தொவான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். கைதட்டினார்கள். தியாகி வீட்டு விருந்தாளி என்ற முறையில் சுரங்கத்துக்குள் முதலில் தவழ்ந்துபோகும் மரியாதையும் அவளுக்குத்தான்.

லியெம் வெளியேறும் வாயில் போய் நின்றான். உள்ளே தவழும் சத்தம் கேட்டது, நடுவில் நின்றது, மறுபடி கேட்டது. லுவா தலையை நீட்டியபோது கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அவள் முழங்கால்கள் சிவந்திருந்தன.

"வழவழன்னு பூசியிருக்க தம்பி. நடுவுல அந்த வளைவுல மூச்சு வாங்குச்சு. அப்படியே செவுத்துல சாஞ்சு கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டேன். குளுகுளுன்னு இருந்துச்சு."

அந்த இடம்தான். லியெம் வேறு பக்கம் பார்த்தான்.

அவள் பையைப் பிரித்தாள். வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கடையில் தொங்கவிட்டிருக்கும் டயர் செருப்பு, ஒரு ஜோடி. புதுசு, உறைகூடப் பிரிக்கவில்லை. "படத்துக்கு முன்னாடி வைக்கலாம்னு பாக்கறேன். அங்க அந்தப் பிஞ்ச செருப்போடவே நடந்துக்கிட்டு இருப்பாரு. எனக்கு வயசாச்சு, அவரு கால் அளவே மறந்துபோச்சு. இது சரியா இருக்குமா, பாரேன்?"

லியெம் வாங்கினான். அவன் கை தானாக விரிந்து செருப்பின்மேல் படிந்தது. ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரற்கடை.

"ரெண்டு விரல் பெருசுக்கா. அவருக்கு இவ்வளவு வராது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. லுவா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பின்மேல் விரிந்தபடியே இருந்த அவன் கையைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் பாட்டு போட்டுவிட்டார்கள்.

"நீலக் கம்பி இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"புரட்டிப் பாக்கலக்கா." அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். "சத்தியமா நான் புரட்டிப் பாக்கல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பான். சுற்றிக்கொண்டு மறுபடி நுழைவாயிலைப் பார்த்து நடந்தாள், கொஞ்சம் வேகமாக. லியெம் செருப்போடு பின்னால் போனான். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்க, கறுப்பு உடுப்பில், லுவா சொல்லிக்கொடுத்த மாதிரியே துண்டைக் கட்டிக்கொண்டு மாய் நின்றாள். நாலடி தள்ளி நாற்காலியில் தொவான்.

லுவா குனிந்து உள்ளே இறங்கப் போனாள். மாய் தயங்கித் தயங்கிக் கையைக் குறுக்கே நீட்டினாள். ஒரு தடவை தொவானைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பெரியம்மா... விருந்தாளிங்களுக்கு ஒரு தடவதானாம். மறுபடி போகணும்னா டிக்கெட் வாங்கணுமாம்."

வரிசையில் முதலில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் வயதானவள் என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். லுவா தன் சட்டையின் இரண்டு பைகளிலும் கையை விட்டுத் துழாவினாள்.